ஆறுமாசத்தான்

ஜனவரி 16, வியாழன்

இந்த நோட்டைக் கொடுத்தவர் பெர்னதெத் மேடம். பல்கலைக்கழகத்தில் செடி கொடிகளைக் காயவைத்துத் தாளில் ஒட்டி வைக்கிற வேலையாம் அவருக்கு. காணும் பொங்கலும் அதுவுமாக ஊரே ஆற்றங்கரைக்குப் போயிருந்தபோது எங்கள் வரகுக் கொல்லைக்கு வந்து களைகளுக்குப் பெயர் கேட்டார். நின்ற இடத்திலேயே பதினோரு பெயர் சொன்னேன். பன்னிரண்டாவதாக வரப்போரத்தில் நின்ற ஒரு புல்லைக் காட்டினார். பார்வைக்கு அசல் வரகு மாதிரியே இருக்கும். கதிர் வந்த பிறகு கையில் பிடித்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

“இதுக்கு ஆறுமாசத்தான்னு பேரு மேடம்.”

“ஏன் அப்படிப் பேரு வந்துச்சுங்க?”

யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்கிற வாய் எனக்கு. அந்த இடத்தில் அடைத்துப் போனது. மேடம் சிரித்துக்கொண்டே நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு படிவத்தை ஒட்டிக் கொடுத்தார். புல்லின் பெயர், பெயர்க் காரணம், தகவல் தந்தவர் பெயர், வயது, தொழில், வேறு குறிப்பு. யார் என்ன சொன்னாலும் தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னார். பிப்ரவரி கடைசியில் வந்து வாங்கிக்கொள்வாராம். புத்தகம் போடும்போது தகவல் தந்தவர் பெயரும் அச்சில் வருமாம்.

‘தகவல் தந்தவர்: க. அஞ்சலாட்சி, வயது 43, மகளிர் குழுச் செயலாளர்’ என்று மூன்றையும் இப்போதே எழுதிவிட்டேன். காரணத்தைத்தான் இனிமேல் தேட வேண்டும்.

ஜனவரி 17, வெள்ளி

இன்று குதிர் அடைத்தோம். ஆள் உயர மண் குதிர்; என் மாமனார் காலத்தது. தை பிறந்த முதல் வெள்ளியில் புது வரகைக் கொட்டி, வாயை மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி மூட வேண்டும். அதை இந்த வீட்டில் பிறந்த பெண்தான் செய்ய வேண்டும். ஆடி முதல் வெள்ளிக்கு அவளே வந்து உடைத்து அம்மனுக்குக் கூழ் காய்ச்ச வேண்டும். அதுவரைக்கும் பழைய வரகுதான். முன்பெல்லாம் பொங்கல் சீர் வாங்கிக்கொண்டு புருஷன் ஊருக்குப் போகிற பெண் ஆடிக்குத்தான் திரும்பி வருவாள். நடுவில் யார் நினைத்தாலும் குதிரைத் திறக்க முடியாது. என் நாத்தனார் தனக்கோடியோ அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். கையில் சேற்றோடு நாலு எட்டில் வீட்டுக்குப் போய்விடுகிறாள்.

பூசி முடித்துவிட்டு அவள் உள்ளங்கையைப் பதித்தாள். எல்லா வருஷமும் சொல்வதைச் சொன்னாள். “ஆடிக்கு முன்னாடி தொறந்தா கால் தப்பும் அண்ணி.”

“உங்க அம்மனுக்குக் காலு மேல அப்படி என்ன ஆசை?” என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். தனம் சிரிக்கவில்லை.

இந்த வருஷ வரகு அவ்வளவு சுத்தமில்லை. மார்கழிக் கடைசியில் பிடித்த மழையில் நனைய நனைய மெஷின் வைத்து அறுத்து, மூன்று நாள் தார்ப்பாய்க்குள் கிடந்தது. உள்ளே கைவிட்டால் சூடு அடித்தது. களையெடுக்க ஆள் கிடைக்காததால் ஆறுமாசத்தானும் கூடவே சேர்ந்து வந்துவிட்டது. அங்கங்கே கருப்பு படிந்திருந்தது. காய்ந்தால் சரியாகிவிடும்.

ஜனவரி 20, திங்கள்

பெயர்க் காரணம் விசாரித்தேன். டீக்கடையில் இருந்தவர்கள், விளைய ஆறு மாதம் ஆகும், அதனால் என்றார்கள். குழுத் தலைவி, விதை ஆறு மாதம் மண்ணுக்குள் தூங்கும் என்றாள். அவள் தூங்குவதை வைத்துச் சொல்லியிருப்பாள்.

சாயங்காலம் இவரைக் கேட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னார்.

“கொல்லையில அந்தப் புல்லு அதிகமாத் தெரிஞ்சா எங்கப்பா, இந்த வருசம் ஆறு மாசம் முழுசாக் கெடக்கட்டும்பாரு. ஆடி வரைக்கும் குதிருகிட்டயே விடமாட்டாரு.”

“அதுக்கும் புல்லுக்கும் என்ன?”

“தெரியல அஞ்சல. அவரு அப்படித்தான் சொல்வாரு.”

தெரியல என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது. குதிர் சங்கதி சாமிக்காக; புல் சங்கதி வேறு. எழுதிவிட்டு அடித்துவிட்டேன்.

ஜனவரி 22, புதன்

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆவணியில் விதைத்தது, மார்கழிக் கடைசியில் அறுத்தது. வரகோடு முளைத்து வரகோடுதான் விளைகிறது. நாலு மாதம், மிஞ்சினால் நாலரை. டீக்கடைக்காரர்கள் சொன்னது பொய்.

ஜனவரி 24, வெள்ளி

நல்ல செய்தி வந்திருக்கிறது. எங்கள் குழு அரைக்கும் வரகுச் சத்துமாவை நம் ஊர் அங்கன்வாடியில் ஒரு மாதம் கொடுத்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். முப்பத்தொரு பிள்ளைகள். பிப்ரவரி பத்தாம் தேதி திங்கட்கிழமை ஆரம்பம். ஆறாம் தேதிக்குள் மாவு போய்ச் சேர வேண்டும். சரியாக இருந்தால் அப்புறம் ஒன்றியம் முழுக்க எங்கள் மாவுதான். மூன்று வருஷமாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதற்குப் பலன்.

குழுவில் இருந்த பழைய வரகில் வண்டு. மூட்டையைப் பிரித்தால் மாவாகக் கொட்டுகிறது. ஊரில் யாரிடமும் பழசு இல்லை; எங்கள் வீட்டில் மிச்சமிருப்பது நாலு படிகூடத் தேறாது. என் வீட்டுக் குதிர் நிறைய இருக்கிறது.

நானே கடப்பாரையால் தட்டி உடைத்தேன். தனத்தின் கை பதிந்த இடம் ஒரே துண்டாகப் பெயர்ந்து விழுந்தது. யார் போய்ச் சொன்னார்களோ, அரை மணி நேரத்தில் அவள் வாசலில் நின்றாள்.

“நான் பூசினத நீ எப்படி அண்ணி ஒடைக்கலாம்?”

“புள்ளைங்க பசிக்கு ஆடி வரைக்கும் காத்திருக்கத் தெரியாது தனம்.”

“எங்கண்ணன் என்ன சொன்னாரு?”

இவர் குதிருக்குப் பின்னால் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அவ செயலாளரு. அவளுக்குத் தெரியாதா?” என்று மட்டும் சொன்னார். என் பக்கம் பேசியதில் எனக்குச் சந்தோஷம்தான். தனம் பெயர்ந்த மண்ணைப் பொறுக்கி முந்தானையில் கட்டிக்கொண்டு போனாள். பைத்தியக்காரி.

ஜனவரி 27, திங்கள்

மெஷினில் உமி நீக்கி முதல் மாவு அரைத்தோம். நிறம் கொஞ்சம் மட்டு. வறுத்தால் தெரியாது. முதல் கஞ்சியை இவருக்குத்தான் காய்ச்சிக் கொடுத்தேன். மோர் விட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு இரண்டு சொம்பு குடித்தார். புது வரகுக் கஞ்சி குடித்து எத்தனை வருஷமாச்சு என்றார். இனிமேல் தினமும் இரண்டு வேளையும் இதுதான் வேண்டுமாம்.

எனக்கு இட்லி. ஊருக்கெல்லாம் சிறுதானியம் சாப்பிடுங்கள் என்று மைக்கில் பேசுகிறவள் நான். ஆனால் வரகு எனக்குத் தொண்டையில் இறங்காது. இதை இந்த நோட்டில் மட்டும் சொல்கிறேன்.

ஜனவரி 29, புதன்

ஆட்டுக்குட்டி இரண்டும் நிற்க முடியாமல் பின்னங்கால் மடங்கி விழுந்தன. நேற்று மெஷின் தவிடு தின்றவை. மாட்டு டாக்டருக்குப் போன் செய்தேன். அதிகம் தின்றிருக்கும், வயிறு உப்பியிருக்கும் என்றார். தவிட்டை நிறுத்திவிட்டேன்.

ஜனவரி 31, வெள்ளி

ஆடு எழுந்து மேய்கிறது. இவர்தான் விழுந்துவிட்டார்.

பகல் பதினோரு மணிக்குக் கொல்லையிலிருந்து வரும்போது தெருவில் தள்ளாடி, மாரியம்மன் கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தார். கண் சொருகிக்கொண்டு போனது, நாக்கு குழறியது. இருபது வருஷம் பார்த்த கோலம்தானே, எனக்குத் தெரியாதா. போன ஆடியில் அய்யனார் கோயிலில் குடியை விட்டுக் கயிறு கட்டிக்கொண்டார். ஆறு மாதம் நன்றாகத்தான் இருந்தார். நானும் பிள்ளையில்லாத குறை மறந்து சிரித்துக்கொண்டு இருந்தேன்.

வாயை மோந்து பார்த்தேன். மோர் வாசனைதான் வந்தது. இந்தக் காலத்தில் வாசனையே வராத சரக்கெல்லாம் விற்கிறார்கள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மறுபடியும். இந்தத் தடவை என் எதிரிலேயே கஞ்சிச் சொம்பைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. எட்டு நாளில் அங்கன்வாடியில் என்னுடைய மாவுக் கஞ்சி ஊற்றப் போகிறார்கள்; அதிகாரிகள் வருவார்கள்; செயலாளர் வீட்டுக்காரர் தெருவில் விழுந்து கிடப்பார். கேட்கிற கேள்வியெல்லாம் கேட்டுவிட்டேன். எழுதக்கூடாத வார்த்தையும் வந்தது.

மணிக்கட்டைத் தூக்கிக் கயிற்றைக் காட்டினார். “இது மேல சத்தியம். தொடல அஞ்சல.”

“அப்ப ஏன் இப்படி ஆடுற?” முதல் தடவையாக அவரை ஒருமையில் பேசினேன்.

“தெரியல. காலு நான் சொன்னபடி கேக்க மாட்டேங்குது.”

எதைக் கேட்டாலும் தெரியலதான். தெளிகிற வரைக்கும் வீட்டுப் படி ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாயையும் போர்வையையும் சுருட்டிக்கொண்டு கிணற்றடி மோட்டார் கொட்டகைக்குப் போனார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுவே குற்றவாளி என்பதற்குச் சாட்சி.

சண்டை சண்டையாக இருக்கட்டும், மனுஷனைப் பட்டினி போடுகிற ஜாதி இல்லை நான். காலையும் மாலையும் தூக்குவாளியில் கஞ்சி கொடுத்தனுப்புகிறேன். அவருக்குப் பிடித்த மாதிரி கெட்டியாகவே.

பிப்ரவரி 4, செவ்வாய்

பெர்னதெத் மேடம் போன் செய்தார். பெயர்க் காரணம் கிடைத்ததா என்றார். கிடைத்தது, ஆறு மாதத்தில் விளைவதால் அந்தப் பெயர் என்று சொன்னேன். நாலு மாதம் என்று எனக்கே தெரியும். கட்டம் காலியாக இருப்பது பொறுக்கவில்லை. படிவத்திலும் அப்படியே எழுதிவிட்டேன்.

“அந்த விதை கலந்த தானியத்தைப் பத்தி ஏதாவது பழக்கவழக்கம் இருக்காங்க? தனியாப் பிரிக்கிறது, சேமிக்கிறது, அந்த மாதிரி?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மேடம்.”

குதிரைப் பற்றிச் சொன்னால் உடைத்ததையும் சொல்ல வேண்டும். படித்தவர்களிடம் போய் இதையெல்லாம் எதற்குச் சொல்வது.

தூக்குவாளி பாதிக் கஞ்சியோடு திரும்பி வந்தது. ரோஷம்.

பிப்ரவரி 6, வியாழன்

மாவு போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கன்வாடியில் சின்னதாக ஒரு விழா. டீச்சர் ஹேமாவதி எனக்குப் பொன்னாடை போர்த்தினாள். திங்கட்கிழமை பத்தரைக்கு முதல் கஞ்சி என்று எல்லார் முன்னாலும் அறிவித்தாள். பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். தனத்தின் மகன் இன்பன் முதல் வரிசையில். நாலு வயசு, அத்தை அத்தை என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

இவர் வந்திருந்தார். வெள்ளை வேட்டி கட்டி, எண்ணெய் தடவித் தலை சீவி, கடைசி நாற்காலியில். நான் பேசிக்கொண்டிருக்கும்போது தலை சரிந்து, வாயோரம் எச்சில் வழியத் தூங்கிப்போனார். நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு நின்ற இடத்திலேயே உடம்பு கூசிப் போயிற்று. முடிந்ததும் அவரைத் தாண்டித்தான் வந்தேன். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, “நல்லாப் பேசின அஞ்சல” என்றார். நான் நிற்கவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

காலையில் இவரைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்தார்கள். சாயங்காலம் எரித்தாயிற்று.

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. மோட்டார் போடப் போனவர் கால் தவறியிருக்கிறது. குடித்துவிட்டு விழுந்தார் என்று ஊர் பேசியது. போலீஸ்காரரிடம் நானும் அதைத்தான் சொன்னேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “டாக்டரு அப்படிச் சொல்லலையேம்மா. வயித்துல கஞ்சி மட்டுந்தான் இருக்குன்னாரு. சாராய வாசனையே இல்லையாம்.”

தனம் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். குடிக்கவில்லை என்றால் ஏன் விழ வேண்டும் என்று நான் போலீஸ்காரரைக் கேட்டேன். அவர் மறுபடி எழுத ஆரம்பித்தார். டாக்டர்கள் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

குழுத் தலைவி வந்து காதோடு சொன்னாள், நாளைக்குக் கஞ்சி ஊற்றுவதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், கவலைப்படாதே என்று.

பிப்ரவரி 10, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

காலையில் ஆண்கள் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போனார்கள். வீட்டில் அவருக்குப் பிடித்ததை வைத்துப் படைக்க வேண்டும். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, நாங்கள் செய்துகொண்டு வருகிறோம் என்றார்கள். இந்த ஒன்றை நான்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடித்து வரகுக் கஞ்சி காய்ச்சினேன். இலையில் ஊற்றி, வெங்காயம் வைத்து, பின்கட்டுச் சுவர் மேல் வைத்தேன்.

உடனே மூன்று காக்கை வந்தன. பெண்களெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மனசுல குறையில்லாமப் போயிருக்காரு, அதான் கூப்பிடாமலே வந்துட்டாரு என்று யாரோ சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மூன்று நாளாக வரவில்லை. இலையை வழித்துத் தின்றுவிட்டு வேப்பமரத்தில் போய் உட்கார்ந்தன.

அரைமணி நேரம் இருக்கும். சுவர் மேல் சத்தம் கேட்டது. ஒரு காக்கை திரும்ப வந்து உட்காரப் பார்த்து, பிடி கிடைக்காமல் சறுக்கியது. இறக்கையை அடித்து ஏறியது, மறுபடி சறுக்கியது. அலகு திறந்தபடி தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அப்புறம் தொப்பென்று முற்றத்தில் என் காலடியில் விழுந்து, எழுந்து, இரண்டு எட்டு வைத்து, கால் மடங்கி உட்கார்ந்தது. கண் சொருகிக்கொண்டே போனது.

அந்த நடையை நான் பார்த்திருக்கிறேன். ஆடு அப்படித்தான் நடந்தது. தெருவில் கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு இவர் அப்படித்தான் நடந்தார். ஆடி வரைக்கும் குதிரிடம் விடாத மாமனார், ஆறு மாதம் முழுசாகக் கிடக்கட்டும் என்ற பேச்சு, கால் தப்பும் என்ற தனம். எல்லாம் சேர்ந்து தலைக்குள் விழுந்தது. சாமியும் இல்லை, சரக்கும் இல்லை. நனைந்த வரகும் அந்தப் புல்லும். காலையும் மாலையும் கெட்டியாகக் காய்ச்சி நான்தான் கொடுத்தனுப்பினேன்.

மணி பத்து இருபது.

தாலி இழந்து மூன்றே நாளானவள் தெருவில் இறங்கக்கூடாது, அடுத்தவர் வாசல் மிதிக்கக்கூடாது. இறங்கி ஓடினேன். பின்னால் பெண்கள் கத்தினார்கள். எதிரே வந்தவர்கள் சகுனம் பார்த்து ஒதுங்கினார்கள். அங்கன்வாடியில் டம்ளர்கள் வரிசையாக இருந்தன. ஹேமாவதி கரண்டியோடு குனிந்திருந்தாள். பிள்ளைகள் கண்ணை மூடிக் கைகூப்பிச் சாப்பாட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடியப் பொறுக்காமல் இரண்டு பேர் குடிக்க ஆரம்பித்திருந்தார்கள். அதில் ஒருவன் இன்பன்.

விஷம் என்று சொல்லியிருக்க வேண்டும். பூஞ்சை, புல், ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். குண்டானைக் காலால் எட்டி உதைத்துவிட்டு, “எங்க வீட்டுக்காரரு குடிக்கல, அவரு குடிக்கவே இல்ல” என்றுதான் கத்தினேன். திரும்பத் திரும்ப அதையே கத்தினேனாம். புருஷன் போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஹேமாவதி மறு பானைக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

தனம் என் பின்னாலேயே ஓடி வந்திருந்தாள். அவள்தான் என் முகத்தைப் பார்த்தாள். இன்பன் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி, வாய்க்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தாள். அப்புறம் போய் மாவு மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். யார் இழுத்தும் இறங்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

இரண்டு பிள்ளைகளும் மறுநாள் காலைவரை மயக்கத்தில் இருந்தார்கள். இன்று ஓடி விளையாடுகிறார்கள். அதிகாரிகள் வந்து மெஷினுக்குச் சீல் வைத்து மாவை எடுத்துப் போனார்கள். குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். சரிதான்.

ஊர், குதிரை உடைத்ததால் அம்மன் கேட்ட காவு என்று பேசுகிறது. அவர் குடிக்கவில்லை என்று சொன்னால், இனி என்ன அஞ்சல, போனவரைப் பத்தி எதுக்கு என்கிறார்கள்.

பிப்ரவரி 27, வியாழன்

மேடம் வந்தார். மாவைச் சோதித்ததில், ஈரத்தில் பூஞ்சை பிடித்த தானியம், அதில் மூன்றில் ஒரு பங்கு ஆறுமாசத்தான் விதை என்று சொல்லியிருக்கிறார்களாம். படிவத்தை வாங்கிப் படித்தார். ‘ஆறு மாதத்தில் விளைவதால்.’ அவர் கையிலிருந்து வாங்கிக் கிழித்தேன். வேறு ஒன்று கேட்டேன். கொடுத்துவிட்டு, எப்போது முடிகிறதோ அப்போது அனுப்புங்கள் என்றார். போகும்போது, ஆறு மாதம் கழித்தாலும் அந்தக் குதிரில் மிச்சமிருப்பதை நம்ப வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொன்னார்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. நான் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு வாயில்லை. விடிந்ததும் தனம் தானாக வந்தாள். குதிரில் மிச்சமிருந்ததை இரண்டு பேருமாக அள்ளிச் சாக்கில் கட்டிக் கொல்லைக்குக் கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்தோம். கிணற்றடியைத் தாண்டும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எதற்கென்று தெரியவில்லை, நான் விழுந்துவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ.

வரப்போரத்தில் ஆறுமாசத்தான் பச்சையாக முளைத்து நிற்கிறது.

வீட்டுக்கு வந்து படிவத்தை எழுதினேன். நாளைக்குத் தபாலில் போடுவேன்.

புல்லின் பெயர்: ஆறுமாசத்தான்.

பெயர்க் காரணம்: இது கலந்த வரகைக் குதிரில் ஆறு மாதம் அடைத்து வைப்பார்கள். அதற்கு முன் வாயில் வைக்கக்கூடாது.

தகவல் தந்தவர்: கலியமூர்த்தி.

வயது: 48.

தொழில்: விவசாயம்.

வேறு குறிப்பு: குடிப்பழக்கம் இல்லாதவர்.